மொகாடிஷுவில் ஓர் இரவு: நீலத் தொப்பிக்கு யார் தளபதி?

1993ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு. சோமாலியத் தலைநகர் மொகாடிஷுவின் புதிய துறைமுகத்தில் மூன்று நாட்டு இராணுவத்தினர் கூடி நின்றனர். அமெரிக்கக் காலாட்படையினர் வந்திருந்தனர். அவர்களிடம் கவச வாகனம் இல்லை. மலேசியர்கள் தங்களின் வெள்ளை நிறக் கொண்டோர் கவச வாகனங்களுடன் வந்திருந்தனர். பாகிஸ்தானியர்கள் 4 டாங்கிகளைக் கொண்டுவந்திருந்தனர். நகரின் நடுவே, சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு ஹெலிகாப்டரைச் சுற்றி ஏறத்தாழ 100 அமெரிக்க வீரர்கள் முற்றுகையில் சிக்கிக் கிடந்தனர். அவர்களில் பலர் காயமுற்றிருந்தனர்.

யார் முன்னால் போவது, எந்தச் சாலை வழியாகப் போவது, எந்த மொழியில் கட்டளை இடுவது என்று எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே பேசி முடிவு செய்யவேண்டியிருந்தது. மீட்புப் படை புறப்பட்டபோது மணி இரவு 11-ஐத் தாண்டிவிட்டது. முதல் ஹெலிகாப்டர் விழுந்ததோ மாலை 4.20 வாக்கில். இடையில் ஏழு மணி நேரம். ஒரே நகரில், ஒரே பணிக்காக வந்திருந்த படைகள் ஒன்று சேர்வதற்கு ஏன் ஏழு மணி நேரம் ஆயிற்று?

வீரர்களிடம் துணிச்சல் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் அமைதிகாப்புப் படைகள் எப்படி உருவாக்கப்படுகின்றன என்பதில்தான் அந்தக் கேள்விக்கான பதில் இருக்கிறது.

சொந்தப் படை இல்லாத நிறுவனம்

1945இல் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டபோது, உறுப்பு நாடுகள் தங்கள் படைகளின் ஒரு பகுதியைப் பாதுகாப்பு மன்றத்தின் பொறுப்பில் முன்கூட்டியே ஒப்படைத்து வைக்கும் என்ற எண்ணம் இருந்தது. சாசனத்தின் 43ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. பனிப்போர் தொடங்கியதும் வல்லரசுகள் எதிரும் புதிருமாகப் பிரிந்தன. அந்த விதி இன்றுவரை ஏட்டில் மட்டுமே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு நெருக்கடி வந்த பிறகுதான் ஐ.நா. தலைமைச் செயலாளர் நாடு நாடாகக் கேட்டுப் படை திரட்ட வேண்டியுள்ளது. கேட்டு வாங்கிய படைக்கு நிபந்தனை இல்லாமல் இருக்குமா?

1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியின்போது முதல் ஐ.நா. படை அவசரம் அவசரமாகத் திரட்டப்பட்டது. நீலத் தொப்பிகளைத் தைத்து வாங்க நேரம் இல்லாததால், தலைக்கவசங்களுக்கு நீலச் சாயம் பூசி வீரர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போதே ஒரு சிக்கல் எழுந்தது. அந்தப் படை அமையப் பெரும் முயற்சி எடுத்த நாடு கனடா. ஆனால் கனடா அனுப்ப முன்வந்த காலாட்படைப் பிரிவின் பெயர் 'குயின்ஸ் ஓன் ரைபிள்ஸ்', அதாவது அரசியின் சொந்தத் துப்பாக்கிப் படை. உடையும் பிரிட்டிஷ் பாணி. பிரிட்டிஷ் படையின் தாக்குதலுக்கு ஆளாகியிருந்த எகிப்து, இவர்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒரு பெயரும் ஒரு சட்டையும்கூட அமைதிப் பணிக்குத் தடையாக நிற்கலாம் என்பது அன்றே தெரிந்தது.

1960இல் கொங்கோ. சுதந்திரம் பெற்று மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த மலாயா, தன் வீரர்களை ஆப்பிரிக்காவின் நடுப்பகுதிக்கு அனுப்பியது. நம் நாட்டின் அமைதிகாப்பு வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பணியின் நடுவே கொங்கோவின் முன்னாள் பிரதமர் பத்திரிஸ் லுமும்பா கொல்லப்பட்டார். ஐ.நா. அவரைக் காப்பாற்றத் தவறியது என்று கோபம் கொண்ட நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் படைகளைத் திரும்பப் பெற்றன. எகிப்து, கினி, மொரோக்கோ, இந்தோனேசியா ஆகியவை அவற்றுள் சில. மலாயா வீரர்கள் 1963 வரை அங்கே இருந்தனர். களத்தில் இருக்கும் தளபதியால் இப்படிப்பட்ட முடிவுகளைத் தடுக்கவே முடியாது. படை அவரிடம் இருக்கும். அதைத் திரும்ப அழைக்கும் அதிகாரம் அதன் தலைநகரிடம் இருக்கும்.

சோமாலியாவில் எத்தனை தளபதிகள்?

1991இல் அதிபர் சியாட் பாரேயின் ஆட்சி வீழ்ந்ததும் சோமாலியா குலத் தலைவர்களின் கைகளில் சிதறியது. பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 1992 டிசம்பரில் அமெரிக்கா தலைமையில் ஒரு பெரும்படை உணவு வழங்கலைப் பாதுகாக்கச் சென்றது. 1993 மே மாதம் அந்தப் பொறுப்பு ஐ.நா.விடம் ஒப்படைக்கப்பட்டது. யுனோசோம் 2 என்று அழைக்கப்பட்ட இந்தப் புதிய படையில் ஏறத்தாழ 30 நாடுகள் பங்குகொண்டன. வெறும் காவல் வேலை அல்ல. தேவைப்பட்டால் பலத்தைப் பயன்படுத்தி ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களைக் களையவும் அதற்கு அதிகாரம் தரப்பட்டது.

அதன் தளபதி துருக்கியைச் சேர்ந்த ஜெனரல் செவிக் பீர். அவருக்குத் துணைத் தளபதி அமெரிக்க மேஜர் ஜெனரல் தாமஸ் மோன்ட்கோமெரி. இதுவரை குழப்பம் இல்லை. ஆனால் மோன்ட்கோமெரிக்கு இன்னொரு பதவியும் இருந்தது. சோமாலியாவில் உள்ள அமெரிக்கப் படைகளுக்கும் அவரே தலைவர். ஐ.நா. பணியில் இருந்த அமெரிக்கத் தளவாடப் பிரிவினர் துருக்கியத் தளபதியின் கீழ் வந்தனர். அவசரத்திற்கு உதவவேண்டிய அமெரிக்க விரைவுப் படை ஐ.நா.வின் கீழ் இல்லை. அது மோன்ட்கோமெரிக்கு, அவர் அமெரிக்கத் தளபதி என்ற முறையில், கட்டுப்பட்டது. ஆகஸ்டு இறுதியில் வந்து சேர்ந்த ரேஞ்சர் சிறப்புப் படையோ இந்த இரண்டிலும் சேராது. அதன் தலைவர் மேஜர் ஜெனரல் வில்லியம் கேரிசன், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இருந்த மத்தியப் படைத் தலைமையகத்திற்கு நேரடியாகப் பதில் சொன்னார். ஒரே நாட்டின் படைகளுக்கே மூன்று வழிகளில் கட்டளை வந்தது என்றால், 30 நாடுகளின் நிலை எப்படி இருந்திருக்கும்?

1993 ஜூன் 5ஆம் நாள், ஆயுதக் கிடங்குகளைச் சோதிக்கச் சென்ற பாகிஸ்தானிய வீரர்கள் மீது முகமது ஃபாரா ஐடீட் என்ற குலத் தலைவரின் ஆட்கள் தாக்குதல் நடத்தினர். 24 பாகிஸ்தானியர்கள் கொல்லப்பட்டனர். மறுநாளே பாதுகாப்பு மன்றம் கூடி, குற்றவாளிகளைப் பிடிக்கவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அன்று முதல் அமைதிப்படை ஒரு தரப்பை எதிர்த்துப் போரிடும் படையாக மாறியது. இந்த மாற்றத்தை எல்லா நாடுகளும் ஒரே மனத்தோடு ஏற்கவில்லை.

இத்தாலியின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தெற்குச் சோமாலியாவை ஒரு காலத்தில் ஆண்ட நாடு இத்தாலி. அதன் அதிகாரிகளுக்கு அங்குள்ள குலங்களையும் பெரியவர்களையும் தெரியும். பேசிப் பார்த்தே காரியத்தைச் சாதிக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஜூலை 2ஆம் நாள், பழைய பாஸ்தா தொழிற்சாலை அருகே இருந்த சோதனைச் சாவடியில் 3 இத்தாலிய வீரர்கள் கொல்லப்பட்டனர். இத்தாலியத் தளபதி ஜெனரல் புரூனோ லோய் பதிலடி கொடுக்காமல் ஊர்ப் பெரியவர்களோடு பேசி, ஒரு துப்பாக்கி வேட்டும் இல்லாமல் அந்தச் சாவடிக்குத் திரும்பினார். ஐ.நா. தலைமை இதை ஒழுங்கு மீறல் என்று பார்த்தது. அவர் தங்கள் கட்டளையைக் கேட்காமல் ரோம் நகரத்தின் கட்டளையைக் கேட்கிறார். ஆகவே அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று இத்தாலி அரசிடம் கேட்டது. இத்தாலி மறுத்துவிட்டது. அவரை அங்கிருந்து அகற்ற ஐ.நா.விடம் எந்த வழியும் இருக்கவில்லை.

இத்தாலியர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. ஜூலை 12ஆம் நாள், குலப் பெரியவர்கள் கூடியிருந்த ஒரு வீட்டை அமெரிக்க ஹெலிகாப்டர்கள் தாக்கின. இறந்தவர்கள் 54 பேர் என்று செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டது. அந்தத் தாக்குதலுக்குப் பிறகு, முன்பு ஐடீட்டைப் பிடிக்காதவர்கள்கூட வெளிநாட்டுப் படைகளை எதிரிகளாகப் பார்க்கத் தொடங்கினர். ஆனால் ஒரே நகரில் ஒரு நாட்டுப் படை சண்டை போட, இன்னொரு நாட்டுப் படை சமாதானம் பேச, இரண்டுமே பலன் தராமல் போயின. செப்டம்பர் 5ஆம் நாள் இத்தாலியர்களிடமிருந்து ஒரு பகுதியைப் பொறுப்பேற்க வந்த நைஜீரிய வீரர்களில் 7 பேர் கொல்லப்பட்டனர். அருகில் இருந்த இத்தாலியர்கள் உதவிக்கு வரவில்லை என்று நைஜீரியர்கள் குற்றம் சாட்டினர். ஒரே நீலக் கொடியின் கீழ் இருந்தவர்களுக்கு இடையே இப்படி ஒரு கசப்பு.

சொல்லாமல் தொடங்கிய வேட்டை

இத்தகைய சூழலில்தான் அக்டோபர் 3 வந்தது. ஐடீட்டின் முக்கிய உதவியாளர்கள் இருவர் பக்காரா சந்தைக்கு அருகே ஒரு கட்டடத்தில் கூடியிருப்பதாகத் தகவல் கிடைத்தது. ரேஞ்சர் சிறப்புப் படை பிற்பகலில் புறப்பட்டது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை என்று எண்ணினார்கள். மலேசியருக்கோ பாகிஸ்தானியருக்கோ முன்கூட்டியே எதுவும் சொல்லப்படவில்லை. இரகசியம் கசிந்துவிடும் என்ற அச்சம் காரணம். நகரில் வேலை செய்த பல நாட்டவரில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தெரியாத நிலையில், அந்த அச்சத்தை வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் சொல்லாமல் தொடங்கிய காரியத்தில் இடர் வந்தால், சொல்லப்படாதவர்களிடமே உதவி கேட்கவேண்டி வரும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துவிட்டார்கள். அதற்குள் ஒரு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் தோளில் வைத்து ஏவும் ராக்கெட் குண்டால் வீழ்த்தப்பட்டது. சுமார் இருபது நிமிடத்தில் இன்னொன்று. வீரர்களில் பெரும்பாலோர் முதல் ஹெலிகாப்டர் விழுந்த இடத்தைச் சுற்றியிருந்த வீடுகளுக்குள் புகுந்து நின்றனர். இருட்டுவதற்கு முன் அமெரிக்க விரைவுப் படை லாரிகளிலும் ஹம்வீ வண்டிகளிலும் மீட்கப் புறப்பட்டது. குண்டு மழையில் அது பாதி வழியிலேயே திரும்பியது. தகரம் போன்ற பக்கங்கள் கொண்ட வண்டிகளில் அந்தத் தெருக்களுக்குள் நுழைய முடியாது என்பது அப்போதுதான் உறுதியாயிற்று.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். அதற்கு முந்திய மாதமே தமக்கு டாங்கிகளும் கவச வாகனங்களும் வேண்டும் என்று மோன்ட்கோமெரி வாஷிங்டனைக் கேட்டிருந்தார். தற்காப்பு அமைச்சர் லெஸ் ஆஸ்பின் அனுமதிக்கவில்லை. டிசம்பரில் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். உலகிலேயே அதிகமாக டாங்கிகள் வைத்திருந்த நாடுகளில் ஒன்றான அமெரிக்கா, அந்த இரவில் ஒரு கவச வாகனத்திற்காக மலேசியாவையும் பாகிஸ்தானையும் நாடவேண்டியிருந்தது.

உதவி கேட்டதும் இருவரும் மறுக்கவில்லை. அரச மலாய் ரெஜிமென்டின் 19ஆவது படைப்பிரிவினர் தங்கள் கொண்டோர் வாகனங்களை எடுத்துக்கொண்டு துறைமுகத்திற்கு வந்தனர். ஏறத்தாழ 30 வாகனங்கள். அவை ஜெர்மனியில் தயாரானவை. பாகிஸ்தானியரின் டாங்கிகளோ அமெரிக்காவில் தயாரான பழைய எம் 48 இரகத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கர் ஏறப்போவது ஜெர்மன் வாகனம், ஓட்டப்போவது மலேசியர், அவர்களுக்கு முன்னால் அமெரிக்க டாங்கியில் பாகிஸ்தானியர். இப்படி ஓர் அணிவகுப்பு ஒத்திகை இல்லாமல் புறப்படப்போகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

துறைமுகத்தில் நடந்த ஏற்பாடு இதுதான். கொண்டோர் வாகனங்களில் இருந்த மலேசியக் காலாட்படையினர் இறக்கப்பட்டனர். அவர்களின் இடத்தில் அமெரிக்கக் காலாட்படையினர் ஏறினர். ஓட்டுநர், இயந்திரத் துப்பாக்கியைக் கையாள்பவர், வாகனத்திற்குப் பொறுப்பானவர் ஆகிய மலேசியர்கள் மட்டும் இருந்தனர். தன் தோழர்களை இறக்கிவிட்டு, முகம் தெரியாத வேற்று நாட்டவரை ஏற்றிக்கொண்டு, தனக்குச் சொல்லப்படாத ஒரு சண்டைக்குள் வண்டியை ஓட்டவேண்டும். எந்த இராணுவத்திலும் இது எளிதில் கேட்கக்கூடிய காரியம் அல்ல.

மொழிச் சிக்கலைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான். மலேசிய, பாகிஸ்தானிய அதிகாரிகள் பிரிட்டிஷ் இராணுவ மரபில் வளர்ந்தவர்கள், ஆங்கிலம் தெரியும். வரைபடத்தைச் சுற்றி நின்று பேசும்வரை தடையில்லை. வாகனத்திற்குள் நிலைமை வேறு. பின்னால் அமர்ந்திருக்கும் அமெரிக்கச் சிப்பாய்க்கு மலாய் தெரியாது. ஓட்டுநருக்கு, குண்டுச் சத்தத்தின் நடுவே வேகமாகக் கத்தப்படும் அமெரிக்க ஆங்கிலம் புரியாது. இடம், வலம், நில் என்ற மூன்று சொற்கள் தவறினாலே போதும். வானொலித் தொடர்பிலும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி முறை.

டாங்கிகள் எந்த இடம்வரை முன்னே செல்வது என்பதிலும் நீண்ட பேச்சு நடந்தது. பாகிஸ்தானியர் தயங்கினர் என்று அமெரிக்கர் எழுதிய வரலாறுகள் குறை கூறுகின்றன. ஆனால் இரவில், ஒடுங்கிய தெருக்களில், இரு பக்கமும் மாடிகளிலிருந்து ராக்கெட் குண்டு வீசப்படும் இடத்தில் டாங்கியை முன்னே விடுவது எத்தகைய ஆபத்து என்பதை டாங்கிப் படையினர் அறிவர். நான்கு மாதங்களுக்கு முன் அதே நகரில் 24 தோழர்களைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எழுதுவது நேர்மையாகாது. கடைசியில் டாங்கிகள் முன்னே சென்று வழி திறக்க உதவின என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

60-க்கும் மேற்பட்ட வாகனங்கள் வரிசையாகப் புறப்பட்டன. தடுப்புகள், தீ, எல்லாப் பக்கங்களிலிருந்தும் துப்பாக்கிச் சூடு. இருட்டில் இரண்டு கொண்டோர்கள் வழி தவறி வரிசையிலிருந்து பிரிந்துபோயின. அவை ராக்கெட் குண்டுகளால் தாக்கப்பட்டன. உள்ளே இருந்த அமெரிக்கரும் மலேசியரும் வெளியேறி, பக்கத்துக் கட்டடங்களில் பல மணி நேரம் தனித்து நின்று போராடினர். அப்போது மொழி இல்லாமலே சைகையால் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த இரவில் கொண்டோர் ஓட்டிய மாட் அஸ்னான் அவாங் என்ற மலேசிய வீரர் தாக்குதலில் உயிரிழந்தார். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான 'ஸ்ரீ பாலாவான் காகா பெர்காசா' அவருக்கு வழங்கப்பட்டது. மேலும் பல மலேசியர்கள் காயமுற்றனர்; பாகிஸ்தானியரும் காயமுற்றனர். அமெரிக்கத் தரப்பில் 18 பேர் மாண்டனர். சோமாலியர்கள் எத்தனை பேர் இறந்தனர் என்பதற்கு உறுதியான கணக்கே இல்லை. பல நூறு பேர் என்பதில் மட்டும் ஐயமில்லை. அவர்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தனர்.

நள்ளிரவுக்குப் பின் மீட்புப் படை சிக்கியவர்களை அடைந்தது. ஆனாலும் உடனே திரும்ப முடியவில்லை. ஹெலிகாப்டரின் இடிபாட்டுக்குள் சிக்கிய விமானியின் உடலை விட்டுவிட்டு வர அமெரிக்கர் விரும்பவில்லை. அதை வெளியே எடுக்க விடிந்துவிட்டது. அத்தனை நேரமும் வாகனங்கள் குண்டு வீச்சுக்கு நடுவே காத்து நின்றன. திரும்பும்போது காயமுற்றவர்களால் வாகனங்கள் நிறைந்துவிட, எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் ஓடியே வரவேண்டியிருந்தது. அடைக்கலம் கிடைத்த இடம் பாகிஸ்தானியப் படை தங்கியிருந்த விளையாட்டரங்கம்.

யாரைக் குறை சொல்வது?

அதே ஆண்டு நவம்பரில் பாதுகாப்பு மன்றம் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. ஸாம்பியாவின் தலைமை நீதிபதி மெத்தியூ இங்குலுபே தலைவர். கானா, பின்லாந்து நாடுகளின் தளபதிகள் இருவர் உறுப்பினர்கள். ஐ.நா.வின் பெயரால் நடந்த பெரிய நடவடிக்கைகள் பலவும் ஐ.நா.வின் கட்டளைக்கு அப்பாற்பட்டு நடந்ததை அந்தக் குழு எடுத்துக் காட்டியது. நாட்டுப் படைகள் தங்கள் தலைநகரங்களைக் கேட்ட பின்பே கட்டளைகளை நிறைவேற்றியதையும் சுட்டிக் காட்டியது.

தலைநகரங்கள் மட்டுமா குற்றவாளிகள்? ஒரு சிப்பாயை வளர்த்துப் பயிற்சி கொடுத்து, பதவி உயர்வும் தண்டனையும் கொடுப்பது அவன் நாடு. அவன் இறந்தால் குடும்பத்திற்கு ஓய்வூதியம் கொடுப்பதும் அந்த நாடுதான். ஐ.நா. அந்தக் காலத்தில் ஒரு வீரருக்கு மாதம் 988 அமெரிக்க டாலர் என்று அவன் அரசாங்கத்திற்குக் கொடுத்தது. அதோடு அதன் உறவு முடிந்தது. அந்தச் சிப்பாயைச் சாவுக்கு அனுப்பும் அதிகாரத்தை வேறொரு நாட்டுத் தளபதியிடம் முழுமையாக ஒப்படைக்க எந்த அரசாங்கம் துணியும்? அதிலும் நியூயார்க்கின் நிலைமை அப்போது பரிதாபமாக இருந்தது. 1992இல் சரயேவோவில் இருந்த கனடிய ஜெனரல் லூயிஸ் மெக்கன்சி, நியூயார்க் நேரம் மாலை 5 மணிக்குப் பின் ஐ.நா. தளபதிக்குச் சிக்கல் வந்தால் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது என்று கசப்போடு குறைப்பட்டார். 24 மணி நேரமும் இயங்கும் நிலவர மையம் 1993இல்தான் ஐ.நா.வில் அமைந்தது.

மொகாடிஷுவின் விலையை வேறொரு நாடு கொடுத்தது. அக்டோபர் 7ஆம் நாள் அதிபர் கிளின்டன், 1994 மார்ச் இறுதிக்குள் அமெரிக்கப் படைகள் சோமாலியாவிலிருந்து திரும்பும் என்று அறிவித்தார். 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் 10 பெல்ஜிய அமைதிகாப்பு வீரர்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தன் படையைத் திரும்பப் பெற்றது. கூடுதல் படை கேட்ட கனடியத் தளபதி ரோமியோ டெலேருக்கு, இருந்த படையை 270 பேராகக் குறைக்கும் தீர்மானமே பதிலாகக் கிடைத்தது. கண்முன்னே இனப்படுகொலை நடந்தது. இன்னொரு சோமாலியா வேண்டாம் என்ற அச்சம் வல்லரசுகளின் கைகளைக் கட்டிப் போட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து, சியேரா லியோன்

பல நாட்டுப் படைகள் ஒன்றாகச் செயல்படவே முடியாது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக்கூடாது. 2000ஆம் ஆண்டு மே மாதம் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியேரா லியோனில் கிளர்ச்சியாளர்கள் ஏறத்தாழ 500 ஐ.நா. வீரர்களைப் பிணை பிடித்தனர். கைலாஹுன் என்ற ஊரில் 200-க்கும் மேற்பட்ட இந்தியக் கூர்க்கா வீரர்கள் முற்றுகையில் சிக்கினர். இரண்டு மாதங்களுக்கு மேல் உணவும் மருந்தும் குறைந்துகொண்டே வந்தன. ஐ.நா. படைக்குத் தளபதியாக இருந்தவர் இந்தியாவின் மேஜர் ஜெனரல் விஜய் ஜெட்லி.

ஜூலை நடுவில் 'குக்ரி நடவடிக்கை' தொடங்கியது. இந்தியப் படையினர் முன்னே செல்ல, பிரிட்டனின் சினூக் ஹெலிகாப்டர்கள் வீரர்களை இறக்க, கானா, நைஜீரியப் படையினர் பக்கபலமாக நின்றனர். முற்றுகை உடைந்தது. மொகாடிஷுவில் துறைமுகத்தில் நின்றுகொண்டு சில மணி நேரத்தில் பேசி முடித்ததை இங்கே வாரக்கணக்கில் திட்டமிட்டார்கள். யார் எங்கே நிற்பது என்று ஒவ்வொரு நாட்டுக்கும் முன்பே தெரிந்திருந்தது. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது சிறிய வேறுபாடு அல்ல.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நைஜீரிய அதிகாரிகள் சிலர் வைரக் கடத்தலுக்கு உடந்தையாக இருந்து அமைதிப் பணியைக் கெடுக்கிறார்கள் என்று ஜெட்லி எழுதிய குறிப்பு ஒன்று செப்டம்பரில் பத்திரிகைக்குக் கசிந்தது. நைஜீரியா கொதித்தெழுந்தது, குற்றச்சாட்டை முற்றாக மறுத்தது. அந்த வட்டாரத்தின் பெரிய நாடு அது. அதன் படை இல்லாமல் பணி நடக்காது. அதே மாதத்தில் இந்தியா தன் படைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. களத்தில் ஜூலையில் தோளோடு தோள் நின்றவர்களின் அரசாங்கங்கள் செப்டம்பரில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கென்யாவைச் சேர்ந்த டேனியல் ஓபாண்டே புதிய தளபதியாக வந்து பொறுப்பேற்றார்.

யாருடைய நினைவு?

மொகாடிஷுவைப் பற்றி 2001இல் ஹாலிவுட்டில் 'பிளாக் ஹாக் டவுன்' படம் வந்தது. இரண்டரை மணி நேரப் படத்தில் மலேசியருக்கும் பாகிஸ்தானியருக்கும் கிடைத்தவை சில காட்சிகள். பெயர் சொல்லிக் காட்டப்பட்ட மலேசியர் ஒருவரும் இல்லை. மலேசியாவிலும் பாகிஸ்தானிலும் வருத்தம் எழுந்தது. பர்வேஸ் முஷாரஃப் 2006இல் வெளியிட்ட தன் வரலாற்றிலும் அந்த மனக்குறையைக் குறிப்பிட்டார். மலேசிய வீரர்களின் பார்வையில் அந்த இரவைச் சொல்லும் திரைப்படமான 'மால்பட்: மிசி பக்காரா' 2023இல்தான் வெளிவந்தது. 30 ஆண்டுகள் ஆயிற்று. இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரியாது. அன்று பிடிபட்ட அமெரிக்க விமானி மைக்கேல் டுரான்ட் அக்டோபர் 14ஆம் நாள் விடுவிக்கப்பட்டதை உலகமே கொண்டாடியது. அதே நாளில், செப்டம்பரில் பிடிபட்ட ஒரு நைஜீரியச் சிப்பாயும் விடுவிக்கப்பட்டார்.

சோமாலியாவிலிருந்து கடைசி ஐ.நா. வீரர்கள் 1995 மார்ச் மாதத் தொடக்கத்தில் வெளியேறினர். கடைசியாகக் கிளம்பியவர்கள் பாகிஸ்தானியர்கள். கடற்கரையில் அவர்களுக்குக் காவலாக நின்றவர்கள் அமெரிக்க, இத்தாலியக் கடற்படை வீரர்கள். 1993இல் ஒருவர் கட்டளையை ஒருவர் கேட்க மறுத்த அதே நாடுகள்தாம். இந்த முறை எல்லாப் படைகளும் அமெரிக்க லெப்டினன்ட் ஜெனரல் அந்தோணி ஸின்னி ஒருவரின் கீழ் வைக்கப்பட்டன. எந்தப் படகு எப்போது, யாரை ஏற்றுவது என்பது வரை முன்கூட்டியே எழுதி ஒத்திகை பார்த்திருந்தார்கள். மார்ச் 3ஆம் நாள் விடிவதற்குள் கரையில் ஒருவரும் இல்லை.